அக்காவுக்கு ஸ்கிளெரோடெர்மா: ஸ்டெம் செல் போடலாம் என்கிறார்கள், போகலாமா?

அமராவதிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றுதான் முதல் முறையாக எழுதுகிறேன்.

என் அக்காவுக்கு 36 வயது. கரூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் திரைச்சீலை தைக்கும் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தாள். இரண்டரை வருடத்துக்கு முன்னால், தண்ணீரில் கை வைத்தால் விரல் வெளுத்துப்போவதில் தொடங்கியது. ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அப்புறம் கை வீங்கியது, தோல் இறுகியது. இப்போது வாயை இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்க முடியவில்லை. கோயம்புத்தூரில் வாதநோய் மருத்துவர் பார்த்து சிஸ்டமிக் ஸ்கிளெரோசிஸ், அதாவது உள்ளுறுப்புகளையும் தாக்கும் ஸ்கிளெரோடெர்மா என்றார். எஸ்சிஎல்-70 என்ற ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். எதிர்ப்புச் சக்தியை அடக்க மைக்கோபினோலேட் தினம் 2 கிராம், விரல் வெளுப்பதற்கு நிஃபெடிபின், நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை எல்லாம் ஓடுகிறது. நுரையீரல் ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் எஃப்விசி (மூச்சை இழுத்து முழுதாக ஊத முடிகிற காற்றின் அளவு) போன வருடம் 81 சதவீதம் இருந்தது, இந்த மாதம் 69.

மருந்தை மாற்றிப் பார்ப்போம், அதற்கும் கேட்காவிட்டால் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையை யோசிக்கலாம், ஆனால் அது லேசான விஷயம் இல்லை என்று மருத்துவர் சொன்னார். மாமா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இணையத்தில் தேடி எங்கேயோ நம்பரைக் கொடுத்திருக்கிறார். மறுநாளே ஒரு கிளினிக்கிலிருந்து ஃபோன். தொப்புள்கொடி ஸ்டெம் செல்லாம். 3 சிட்டிங், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் டிரிப், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், பக்கவிளைவே கிடையாது. 4 லட்சத்து 80 ஆயிரம். வெள்ளிக்கிழமைக்குள் பாதியைக் கட்டினால் 60 ஆயிரம் குறைப்பார்களாம். அம்மா வளையலைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்.

மருத்துவர் சொன்னதும் இவர்கள் சொல்வதும் ஒன்றுதானா? ஒன்றுதான் என்றால், அவர் ஏன் அவ்வளவு யோசிக்கிறார்? இவர்கள் எப்படி ஒரு மணி நேரத்தில் முடிக்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது.

பொருநை எழுதியது:

தம்பி, முதலில் அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். வெள்ளிக்கிழமை போனால் போகட்டும்.

என் அப்பாவுக்கு முடக்குவாதம். 2021-ல் இதே மாதிரி ஒரு இடத்தில் 3 லட்சத்து 20 ஆயிரம் கட்டினோம். முதல் டிரிப்புக்கு அப்புறம் ஒரு வாரம் நன்றாக நடந்தார். வீடே சந்தோஷமாக இருந்தது. மூன்றாவது வாரம் பழையபடி ஆகிவிட்டது. பிறகு எங்கள் மருத்துவர் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, டிரிப்போடு ஸ்டீராய்டும் போட்டிருக்கிறார்கள், அப்பா நடந்தது அதனால்தான் என்றார். இதற்கிடையில் அப்பா போட்டுவந்த முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். அந்த நான்கு மாதத்தில் வலது மணிக்கட்டு மடங்காமல் போனது, இன்றுவரை சரியாகவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோதுதான் ரசீதை ஒழுங்காகப் படித்தோம். 'ஆலோசனை மற்றும் நலப் பராமரிப்புக் கட்டணம்' என்று இருந்தது. ஸ்டெம் செல் என்ற சொல்லே அதில் இல்லை.

உங்கள் அக்காவின் நோயைப் பற்றி எனக்குத் தெரியாது. வெண்விரல் அக்காவுக்கு மாற்று சிகிச்சையே நடந்திருக்கிறது. அவர் வந்து சொல்லட்டும்.

வெண்விரல் எழுதியது:

தம்பி, உங்கள் அக்காவுக்கு இருக்கும் அதே நோய்தான் எனக்கும். அதே எஸ்சிஎல்-70. திருச்சிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். 2019 ஆகஸ்டில், 38 வயதில், எனக்கு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை நடந்தது. நேரம் எடுத்து எழுதுகிறேன். இதை அக்காவுக்கும் அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

இரண்டும் ஒன்று இல்லை. பெயர் மட்டும்தான் ஒன்று.

நம் நோயில் வெள்ளை அணுக்கள் நம் உடம்பையே எதிரியாக நினைத்துத் தாக்குகின்றன. மாற்று சிகிச்சையில், முதலில் நம் ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்களைப் பிரித்து உறையவைத்துவிடுவார்கள். பிறகு பெரிய அளவில் கீமோ கொடுத்து அந்தத் தவறான அணுக்களை அழிப்பார்கள். அதற்கு அப்புறம்தான் உறையவைத்ததைத் திருப்பி ஏற்றுவார்கள். நோயை அடிப்பது கீமோ. அந்த அடியிலிருந்து நம்மை எழுப்பி உட்காரவைப்பதுதான் ஸ்டெம் செல்லின் வேலை. எங்கள் வீடு விவசாயக் குடும்பம் என்பதால் அப்பாவுக்கு நான் இப்படித்தான் சொல்லிப் புரியவைத்தேன்: களை மண்டிய வயலை உழுது புரட்டிப் போட்டுவிட்டு, பத்திரமாக எடுத்து வைத்த விதைநெல்லைத் தெளிப்பது. உழாமல் விதைநெல்லை மட்டும் களைக்குள் கொட்டினால் என்ன ஆகும் என்று அப்பாவே கேட்டார். உங்களுக்கு ஃபோன் செய்தவர்கள் விற்பது அதைத்தான். ஒரு மணி நேரத்தில் எப்படி முடிகிறது என்று கேட்டீர்களே, உழுகிற வேலையே அதில் இல்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் கட்டத்தில் சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்து ஒரு டோஸ், அப்புறம் தினமும் ஜிசிஎஸ்எஃப் ஊசி. மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவைப்பதற்காக. எலும்பெல்லாம் உள்ளிருந்து விண்விண் என்று தெறிக்கும். தோல் இறுகியிருந்ததால் கையில் நரம்பு கிடைக்கவில்லை, கழுத்தில் குழாய் போட்டார்கள். ஒரு இயந்திரம் நாலரை மணி நேரம் ரத்தத்தை வாங்கி, வேண்டியதைப் பிரித்துவிட்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தது. உதட்டைச் சுற்றி மரத்துப்போனது, கால்சியம் ஏற்றினார்கள்.

மூன்று வாரம் கழித்து உள்ளே போனேன். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 200 மில்லிகிராம் சைக்ளோபாஸ்பமைடு. என் எடை 46 கிலோ. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், 9,200 மில்லிகிராம், நான்கு நாளில். சிறுநீர்ப்பையைக் காப்பாற்ற மெஸ்னா, கூடவே இரவு பகலாகச் சலைன். எவ்வளவு ஏறியது, எவ்வளவு சிறுநீர் போனது என்று ஒவ்வொரு முறையும் அளந்து சுவரில் ஒட்டிய தாளில் எழுத வேண்டும். வெள்ளை அணுக்களை அடக்கும் ஏடிஜி என்ற மருந்தின் முதல் பாட்டில் ஏறியபோது மூன்று போர்வை போர்த்தியும் கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுங்கினேன்.

ஸ்டெம் செல் ஏற்றிய நாளில்தான் ஒன்றும் தெரியவில்லை. நைட்ரஜன் புகையோடு ஒரு பெட்டி வந்தது. உள்ளங்கை அளவில் ஒரு பை, தக்காளிச் சாறு நிறம். வெந்நீரில் இளக்கி ஏற்றினார்கள். இருபது நிமிடம். அது கெடாமல் இருக்கச் சேர்க்கும் திரவத்தால் அறை முழுக்கப் பூண்டு வாசனை. என் மூச்சிலேயே இரண்டு நாள் இருந்தது. அப்புறம் காத்திருப்புதான். வெள்ளை அணுக் கவுன்ட் 100-க்கும் கீழே போய் அங்கேயே நின்றது. முடியெல்லாம் போனது. ஐந்து நாள் 103 டிகிரி காய்ச்சல். 11-ஆம் நாள் காலையில் சிஸ்டர் கதவுக் கண்ணாடிக்கு வெளியே நின்று 600 என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார்.

இதற்கு ஆதாரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. நம் நோய்க்கே பெரிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆஸ்டிஸ் என்று ஐரோப்பாவில் 156 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2014-ல் வெளியானது. அதில் 79 பேர் மாற்று சிகிச்சைப் பக்கம். அவர்களில் 8 பேர் சிகிச்சையாலேயே இறந்துபோனார்கள். ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவர். முதல் வருடம் மட்டும் பார்த்தால் மாற்று சிகிச்சை செய்தவர்கள் பக்கம்தான் இழப்பு அதிகம். நாலு வருடம் கழித்துப் பார்த்தால் அது தலைகீழ். உயிரோடும் உறுப்புகள் கெடாமலும் இருந்தவர்கள் இந்தப் பக்கம் அதிகம். அமெரிக்காவில் 75 பேரை வைத்து நடந்த ஸ்காட் ஆய்வு 2018-ல் வந்தது. அங்கே நாலரை வருட முடிவில் அப்படி இருந்தவர்கள் மாற்று சிகிச்சையில் 79 சதவீதம், மாதா மாதம் சைக்ளோபாஸ்பமைடு ஏற்றியவர்களில் 50 சதவீதம். சிகிச்சையால் இறந்தவர்கள் 3 சதவீதம். என் கணவர் இந்த எண்களை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். கையெழுத்துப் போடுவதற்கு முந்தின இரவு அந்தத் தாளை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். மகளுக்கு அப்போது 9 வயது.

உங்கள் மருத்துவர் அதனால்தான் யோசிக்கிறார் தம்பி. யோசிப்பவரை நம்புங்கள்.

இன்னொன்று, இதயம். நம் நோய் வெளியே தெரியாமல் இதயத்திலும் நுரையீரல் ரத்தக்குழாயிலும் உட்கார்ந்திருக்கும். அந்த நிலையில் இவ்வளவு சைக்ளோபாஸ்பமைடும் சலைனும் ஏறினால் இதயம் தாங்காது. அதனால் எக்கோ மட்டும் போதாது. எனக்கு இதய எம்ஆர்ஐ எடுத்தார்கள், குழாய் விட்டு இதயத்தின் வலது பக்க அழுத்தத்தை அளந்தார்கள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் திருப்பி அனுப்பினார்கள், மொத்தம் நான்கு முறை. அப்போது கோபம் வந்தது. இப்போது அந்த நான்கு முறைக்கும் நன்றி சொல்கிறேன். புகைப்பழக்கம் இருந்தவர்களுக்கு ஆபத்து அதிகம் என்றும் பார்த்திருக்கிறார்கள்.

காலமும் முக்கியம். அந்த ஆய்வுகளில் நோய் வந்து நாலைந்து வருடத்துக்குள் இருந்தவர்களைத்தான் சேர்த்தார்கள். தோல் வேகமாக இறுகுகிற, நுரையீரல் இறங்கத் தொடங்கிய, ஆனால் இதயம் இன்னும் தாங்குகிற காலம். உங்கள் அக்கா இப்போது அதற்குள்தான் இருக்கிறார் என்று தோன்றுகிறது. அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்தான். ஆனால் அந்தக் காலத்தை மூன்று டிரிப்புக்கும் அதற்கான காத்திருப்புக்கும் செலவழிக்காதீர்கள். பணத்தைவிட எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. பொருநை சொன்ன ஸ்டீராய்டு விஷயத்தையும் கவனியுங்கள். அதிக ஸ்டீராய்டு நம் நோயில் சிறுநீரகத்தைத் திடீரென்று பாதிக்கலாம், ரத்த அழுத்தம் எகிறிவிடும். சீட்டில் எழுதாமல் ஏற்றுகிற எதுவும் அக்காவுக்கு ஆபத்து.

தொப்புள்கொடி செல்லைப் பற்றியும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன், அது முழுப் பொய் இல்லை. மீசன்கைமல் செல் என்ற வகை. உலகம் முழுக்க ஆராய்கிறார்கள். அமெரிக்காவில் 2024 டிசம்பரில் அந்த வகையில் முதல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் அது மஜ்ஜை மாற்றுக்குப் பிறகு வரும் ஒரு கடுமையான சிக்கலில், ஸ்டீராய்டுக்குக் கேட்காத குழந்தைகளுக்கு மட்டும். ஐரோப்பாவில் குரோன் நோயில் வரும் ஆசனவாய்ப் புரைக்கு 2018-ல் அனுமதித்த ஒன்றை, அடுத்த பெரிய ஆய்வில் பலன் தெரியாததால் 2024-ல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். இந்த செல்களை நரம்பில் ஏற்றினால் பெரும்பாலானவை நுரையீரலின் நுண்குழாய்களில் போய்ச் சிக்கி, சில நாளில் மறைந்துவிடுகின்றன. அக்காவின் நுரையீரல் ஏற்கெனவே 69-ல் இருக்கிறது.

பக்கவிளைவே இல்லை என்பதும் உண்மை இல்லை. லூபஸ் என்ற, நம்முடையதைப் போலவே எதிர்ப்புச் சக்தி உடம்பைத் தாக்கும் நோயால் சிறுநீரகம் கெட்ட ஒரு பெண்ணுக்குத் தாய்லாந்தில் ஒரு தனியார் கிளினிக்கில் ஸ்டெம் செல்லை நேராகச் சிறுநீரகத்திலேயே செலுத்தினார்கள். செலுத்திய இடங்களில் கட்டிகள் வளர்ந்தன. ஒரு சிறுநீரகத்தை எடுக்க வேண்டியதாயிற்று, பிறகு தொற்றால் இறந்துபோனார். 2010-ல் மருத்துவ இதழில் வந்தது. 2018-ல் அமெரிக்காவில் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து எடுத்ததாக விற்ற ஒன்றைப் போட்டுக்கொண்ட 12 பேருக்குக் கடும் பாக்டீரியா தொற்று வந்தது. மருந்துக் குப்பியே அசுத்தம்.

கிளினிக்கில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதன் சிடிஆர்ஐ (மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடு) பதிவு எண் என்ன? நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைப்படி, ரத்தம் உருவாக்கும் ஸ்டெம் செல்லை வைத்து ஏற்கப்பட்ட நோய்களுக்குச் செய்யும் மாற்று தவிர மற்ற எல்லா ஸ்டெம் செல் சிகிச்சையும் ஆராய்ச்சிதான். ஆராய்ச்சி என்றால் மருந்துக் கட்டுப்பாட்டு அனுமதியும் நெறிமுறைக் குழு ஒப்புதலும் வேண்டும். நோயாளியிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது. எண் கொடுத்தாலும் நிறுத்திவிடாதீர்கள், சிடிஆர்ஐ தளத்தில் அந்த எண்ணைப் போட்டு எந்த நோய்க்கு, எந்த மருத்துவமனையில், யார் செலவில் என்று பாருங்கள். முழங்கால் தேய்மானத்துக்குப் பதிந்த எண்ணைக் காட்டி லூபஸ் நோயாளியிடம் பணம் கேட்டதை இந்தக் குழுவிலேயே ஒருவர் எழுதியிருந்தார்.

அமராவதிக்கரை எழுதியது:

அக்கா, உங்கள் பதிலை வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து வாசித்தேன். பாதியில் அம்மா எழுந்து வளையலை எடுத்துப் போட்டுக்கொண்டார். மாமா மட்டும் ஒன்றும் பேசவில்லை.

இன்னும் சில கேள்விகள், தவறாக நினைக்க வேண்டாம். நான் தம்பிதானே, என் மஜ்ஜையைக் கொடுத்தால் அக்காவுக்கு இன்னும் நல்லதா? முதுகெலும்பில் துளை போடுவார்கள் என்கிறார்களே? இன்சூரன்ஸ் இருக்கிறது, 10 லட்சம் வரை, அது செல்லுமா? அப்புறம் கார்-டி என்று புதிதாக ஏதோ வருகிறது, அதற்காகக் காத்திருக்கலாமா என்று மாமா கேட்கச் சொன்னார்.

மஜ்ஜை வார்டு எழுதியது:

நான் ஒரு மஜ்ஜை மாற்று வார்டில் 12 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். எந்த மருத்துவமனை என்று சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன். வெண்விரல் மேடம் எழுதியது எல்லாம் நாங்கள் தினமும் பார்ப்பதுதான்.

வீட்டில் இருப்பவர்கள் முன்கூட்டியே கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன். பல்லை முதலில் காட்டுங்கள். ஸ்கிளெரோடெர்மாவில் வாய் திறக்காததால் சொத்தைப் பல் பின்னால் ஒளிந்திருக்கும். வெள்ளை அணு இல்லாத பத்து நாளில் அந்த ஒரு பல்லிலிருந்தே ரத்தத்தில் கிருமி ஏறிவிடும். வாய் சிறிதாகத் திறப்பதால் பிடுங்கவும் நேரமாகும், கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். நம் ஊரில் காசநோயும் மஞ்சள்காமாலை பி வைரஸும் உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கலாம், அதற்கான பரிசோதனைகளை விட்டுவிடாதீர்கள். ரத்தமோ தட்டணுவோ ஏற்றும்போது கதிர்வீச்சு செய்த பைதான் வேண்டும். நாங்கள் பார்ப்போம், நீங்களும் பையில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள்.

ஒரே ஆள் தொடர்ந்து கூட இருப்பது நல்லது. மாறி மாறி வந்தால் ஒருவர் சளியோடு வந்துவிடுகிறார். வீட்டுக்குப் போன பிறகும் ஆறு மாதமாவது மாத்திரைகள், வாரா வாரம் ரத்தப் பரிசோதனை, மருத்துவமனைக்கு அருகில் ஒரு அறை. வாடகையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் பலன் பெரும்பாலும் போய்விடும், முதலிலிருந்து போட வேண்டும். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளை இரண்டு வருடம் கழிந்த பிறகுதான் யோசிப்பார்கள்.

இந்தத் தலைப்பைத் தேடி வருபவர்களில் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இருக்கலாம், அவர்களுக்காக ஒன்று. எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்கும் நோய் வேறு, எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறப்பது வேறு. எஸ்சிஐடி என்ற அந்த நோயில் மஜ்ஜை மாற்றுதான் முதன்மைச் சிகிச்சை, அது அவசரமும்கூட. அமெரிக்க ஆய்வு ஒன்றில் மூன்றரை மாதத்துக்குள் மாற்று செய்த குழந்தைகளில் 94 சதவீதம் பேர் பிழைத்திருந்தார்கள். பிசிஜி போட்ட இடம் புண்ணாகி ஆறாமல் அக்குளில் கட்டியும் சேர்ந்தால், அல்லது வீட்டில் முன்பு ஒரு குழந்தை தொற்றால் இறந்திருந்தால், உடனே லிம்போசைட் என்ற வெள்ளை அணுக் கவுன்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த சொட்டு மருந்து போடும் முன் கேளுங்கள். மத்திய அரசின் அரிய நோய்த் திட்டத்தில் இதற்கு 50 லட்சம் வரை உதவி உண்டு. ஸ்டெம் செல் என்றாலே மோசடி என்று நினைத்து அந்தக் குழந்தையின் நாட்களை வீணாக்கிவிடக் கூடாது.

வெண்விரல் எழுதியது:

சிஸ்டர், நன்றி. பல் விஷயத்தை நான் எழுத மறந்துவிட்டேன். எனக்கும் இரண்டு பல் எடுத்தார்கள்.

தம்பி, உங்கள் மஜ்ஜை வேண்டாம். நீங்கள் கேட்டதே அக்காவுக்குப் பெரிய பலம். நம் மாதிரி நோய்க்கு அவரவர் செல்தான் எடுப்பார்கள். வேறொருவருடையது என்றால், வந்த செல் நம் உடம்பை அந்நியமாக நினைத்துத் தாக்கும் அபாயம் சேர்ந்துவிடும். சிஸ்டர் சொன்ன குழந்தைகளுக்கு வேறு வழி இல்லாததால் அந்த அபாயத்தை ஏற்கிறார்கள். முதுகெலும்பில் யாரும் துளை போடுவதில்லை, கழுத்துக் குழாய் வழியாக ரத்தத்திலிருந்துதான்.

இன்சூரன்ஸில் கவனம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் நவீன சிகிச்சைகளைச் சேர்க்கச் சொன்னபோது, ஸ்டெம் செல் என்பதை ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று என்ற அளவில்தான் எழுதியது. நம்முடையது ரத்த நோய் இல்லை என்று ஒரு வரியில் மறுத்துவிடலாம். என்னுடையதை மறுத்தார்கள். மருத்துவர் நான்கு பக்கம் கடிதம் எழுதிக் கொடுத்த பிறகு பாதி வந்தது, அதுவும் ஏழு மாதம் கழித்து. மொத்தம் 13 லட்சம் ஆனது, பள்ளியில் சக ஆசிரியர்கள் கொடுத்த பணத்தில்தான் உள்ளே போனேன். அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்.

கார்-டி ஸ்டெம் செல் இல்லை. டி-செல், பி-செல் இரண்டுமே வெள்ளை அணு வகைகள். நம் டி-செல்லை வெளியே எடுத்து, பி-செல்லை அழிக்கும்படி மாற்றித் திருப்பி ஏற்றுவது. ஜெர்மனியின் எர்லாங்கனில் லூபஸ் நோயாளிகள் ஐந்து பேருக்குச் செய்து நல்ல பலன் கிடைத்ததாக 2022-ல் வெளியானது. எனக்கும் அதில் நம்பிக்கை இருக்கிறது. ஆனால் நம் நோய்க்கு இன்னும் ஆய்வு நிலைதான். எஃப்விசி இறங்கிக்கொண்டிருக்கும்போது எதற்காகவும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. மருத்துவர் மாற்றும் மருந்தை ஒழுங்காகப் போடட்டும்.

இதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, ஆனாலும் கேட்டுவிடுகிறேன். அக்காவுக்குக் குழந்தை உண்டா? இன்னும் வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா? இந்தக் கீமோவில் கருமுட்டைப் பை ஓய்ந்துவிட வாய்ப்பு அதிகம். முன்பே கருமுட்டையையோ கருவையோ உறையவைக்க முடியும், அதற்கு இரண்டு வாரமாவது வேண்டும், எல்லோருடைய உடல்நிலைக்கும் அது ஒத்துவராது. எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. ஒப்புதல் படிவத்தின் ஆறாவது பக்கத்தில் ஒரு வரியாக இருந்தது. மறுநாள் காலை மருந்து தொடங்க வேண்டும். இரண்டாவது குழந்தை வேண்டும் என்று நானும் அவரும் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அந்த மாதத்தோடு மாதவிடாய் நின்றது. உயிர் இருக்கிறது, அதற்கு நான் தினமும் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் அந்த முடிவு என் கையில் இருந்திருக்க வேண்டும். உங்கள் அக்காவிடம் இதைத் தனியாக, ஒரு பெண் யாராவது உட்கார்ந்து பேசுங்கள்.

அமராவதிக்கரை எழுதியது:

வெள்ளிக்கிழமை மாமாவே கிளினிக்குக்கு ஃபோன் செய்தார். சிடிஆர்ஐ எண் கேட்டார். டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். சனிக்கிழமை கூப்பிட்டு, எண் பிறகு தருகிறோம், தள்ளுபடியைத் திங்கள் வரை நீட்டியிருக்கிறோம் என்றார்கள். மாமா அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

அடுத்த புதன்கிழமை கோயம்புத்தூர் போகிறோம். இதயப் பரிசோதனைகள் பற்றியும், தோல் மதிப்பெண் எடுத்திருக்கிறார்களா என்றும் கேட்க ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அக்காவுக்கு ஒரு பையன், ஒரு பெண். போதும் என்கிறாள். என் மனைவிதான் பேசினாள்.

அக்காவே உங்களுக்கு எழுத ஆசைப்பட்டாள், விரல் மடங்கியிருப்பதால் ஃபோனில் டைப் செய்ய வரவில்லை. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்: "அக்கா, உங்களுக்குக் கை சரியாகிவிட்டதா? என் பெண் இப்போது மூன்றாவது படிக்கிறாள். பக்கத்து வீட்டு அத்தைதான் தலை பின்னிவிடுகிறார். நான் மறுபடி பின்ன முடியுமா?"

வெண்விரல் எழுதியது:

தங்கச்சி, உள்ளது உள்ளபடி சொல்கிறேன்.

உடம்பில் 17 இடத்தில் தோலைக் கிள்ளிப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள், மொத்தம் 51. எனக்கு 32 இருந்தது, இரண்டு வருடத்தில் 11-க்கு வந்தது. முழங்கையும் முகமும் முதலில் இளகின. நான்காவது மாதம் இட்லியைப் பொடிப்பொடியாகப் பிய்க்காமல் முழு விள்ளலாக வாயில் வைத்தேன். எஃப்விசி 64-லிருந்து 73. நெஞ்செரிச்சல் போகவில்லை, விரல் இன்னும் குளிரில் வெளுக்கிறது, நிஃபெடிபின் போடுகிறேன். மூன்றாவது வருடம் தைராய்டு வந்தது, மாற்றுக்குப் பிறகு சிலருக்கு இப்படி வேறொரு எதிர்ப்புச் சக்திக் கோளாறு வருமாம், அதற்கும் மாத்திரை.

விரலில் தோல் இளகும். ஆனால் மூட்டு ஏற்கெனவே மடங்கி இறுகியிருந்தால் அது நிமிர்வது கடினம். என் வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் இன்றும் மடங்கித்தான் இருக்கின்றன. அதனால் புதன்கிழமை வரைக்கும் காத்திருக்காமல் இன்றைக்கே கைப் பயிற்சியைத் தொடங்குங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் கையை வைத்துவிட்டு, மேசையில் உள்ளங்கையைப் பதித்து விரல்களை மெதுவாக நீட்டுங்கள். காலையிலும் மாலையிலும். பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடமும் காட்டுங்கள்.

என் பெண்ணுக்கு ஒற்றைப் பின்னல் போடுகிறேன். மூன்று விரலில் பின்னல் கால்களைப் பிடித்து, கட்டைவிரலால் இறுக்குவேன். கொஞ்சம் தளர்வாகத்தான் வரும், சாயங்காலத்துக்குள் அவிழ்ந்துவிடும். ரெட்டைப் பின்னல் இன்னும் வரவில்லை.